விழா நாளும் விடுமுறை நாளும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘நடுநாட்டு விழாக்கள்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. எனவே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் கொண்டாடும் நாளும் அரசு விடுமுறை என அறிவிக்கும் நாளும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

பண்டு விழாவை அறிவித்தவன் முரசறைவோன். மணிமேகலையின் விழாவறை காதையில், 28 நாள் நிகழவிருக்கும் இந்திர விழாவை யானைப் பிடரியில் முரசேற்றி அவன் அறிவிக்கிறான். தெருக்களை அணிசெய்யச் சொல்பவன், தமக்கு ஒவ்வாதவரோடும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுமாறும் சொல்கிறான். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்று முரசின் வேலையை அரசாணை செய்கிறது. காசோலைக்கும் உறுதிமுறிக்கும் 1881இல் இயற்றப்பட்ட செலாவணி முறிச் சட்டத்தின்கீழ்த்தான் நம் தீபாவளியும் பொங்கலும் பொது விடுமுறை ஆகின்றன! அப்பட்டியல் மாறாததும் அன்று. தை முதல் நாளே புத்தாண்டு என 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. தைப்பூசம் 2021 முதல் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் தை ஐந்தாம் நாள் அதில் இல்லை. தென்பெண்ணைக் கரையில் வாழும் நமக்கு அது ஆற்றுத் திருவிழா. சுற்றுப்புறச் சிற்றூர்களின் தெய்வங்கள் அன்று பிடாகம் போன்ற ஆற்றங்கரை ஊர்களுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றன. மணற்பரப்பே கடைத்தெருவாகிறது. சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்புவோர் அரியர். நற்றிணையும் கலித்தொகையும் கூறும் தைந்நீராடலின் எச்சம் இதுவென்று சிலர் உடனே முடிகட்டிவிடுகின்றனர். அங்கே நோன்பிருந்து நீராடுவோர் மகளிர். இங்கே நீராடுவது ஊர்த்தெய்வம். திங்கள் ஒன்றாக இருப்பதனாலேயே இரண்டையும் ஒன்றாக்குவது ஆய்வு ஆகாது. பொங்கல் விடுமுறை முடிந்த பின்னர் வருவதால், இவ்விழாவின் சுவட்டைப் பள்ளி வருகைப் பதிவேட்டில்தான் காண முடிகிறது.

மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அளிக்கலாமே எனக் கேட்பீர்கள். அளிக்கலாம், மேல்மலையனூர் அங்காளம்மன் தேரோட்டத்திற்கு அவ்வாறு அளிக்கப்படுகிறது. ஆனால் அது வங்கிகளுக்குப் பொருந்தாது. ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் விடுமுறை அது. ஸ்பெயின் நாட்டில் ஆண்டுக்கு 14 நாள் வரை ஊதியத்தோடு கூடிய விடுமுறை உண்டு. அவற்றுள் இரண்டு அந்தந்த ஊரின் விழாவுக்கு உரியவை. அவற்றை ஈடுசெய்ய வேறு நாளில் உழைக்க வேண்டியதில்லை. ஊருக்கு இரண்டு நாள்! நாமும் எண்ணிப் பார்க்கத்தக்க முறை இது.

விடுமுறை யாருக்கு என்பது அடுத்த வினா. கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு அது கூலியில்லா நாள். அடுக்களையில் இருக்கும் பெண்ணுக்கோ இரு மடங்கு வேலை நாள். இதைக் கேட்டுச் சிரிக்கும் ஆடவர் பெருமக்கள் வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. எனினும் சித்திரை முழுநிலவை ஒட்டித் திருநங்கையர் வந்து தங்குவது விழுப்புரத்தில்தான். வியாசர் அரவானை எட்டாம் நாள் போரில் வீழ்த்துகிறார். களப்பலியைப் பாடியவர்கள் பெருந்தேவனாரும் வில்லிபுத்தூராரும். தமிழ்ப் பாரதம் வளர்த்த அந்தக் கதையில் தாலி கட்டிக்கொள்ளவும், மறுநாள் அதை அறுத்து அழவும் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இரு நாள் அறை வாடகைக்குத் தரும் நகரம், ஏனைய நாள்களில் வீடு தரத் தயங்குகிறது.

அதே பாரதத்தின் நாயகியான திரௌபதிக்கு நம் வட்டாரமெங்கும் கோயில்கள் உண்டு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற பட்டியலின இளைஞர் தாக்கப்பட்டனர். சூன் 7ஆம் நாள் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரல் 17ஆம் நாள், காவல்துறைப் பாதுகாப்போடு அம்மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். முரசறைவோன் சொன்னதை நிறைவேற்ற இன்று காவலர் நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்வட்டத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் ஊர்களின் விழாக்களை ஊர்வாரியாகத் தொகுத்து ஒரு நூலாக்க வேண்டும். எந்த நாளில் எந்தத் தெய்வம் எத்தெரு வழியாகச் செல்கிறது என்பதோடு, எத்தெருவுக்குள் செல்வதில்லை என்பதையும் அதில் எழுத வேண்டும். தை ஐந்தாம் நாள் மட்டும் கூட்டம் வைக்காதீர்கள். நான் ஆற்றங்கரையில் இருப்பேன்.