திறந்தவெளியும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டோம். நம் பிள்ளைகளின் பொழுதுக் கணக்கையும் சற்றுப் பார்ப்போமாக. விடிந்ததும் மத்ரஸா, பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. வெயிலும் காற்றும் மேனியில் பட ஓடியாடும் நேரம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

காஞ்சி வட்டாரத்தாராகிய நமக்குப் பிள்ளைகள் விளையாட்டை இழப்பது புதிதன்று. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைப் பட்டு நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீச ஒரு துணைக்கையும் வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் ஒரு சிறுவனுடைய கையாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத்திற்கு உதவுவது நீங்கலாக 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்நிலையை மாற்றத் துணைநின்றன. தறியிலிருந்து மீண்ட பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. திடலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது.

வெளியே அனுப்பினால் பிள்ளை கெட்டுப்போகுமோ, ஆபத்தில் சிக்குமோ என நாம் அஞ்சுகிறோம். அச்சம் நியாயமானதே. ஆயினும் அதற்குத் தீர்வு கதவைப் பூட்டுவதன்று. பொறுப்புள்ள ஒரு மூத்தவரை உடன் அனுப்புவதே.

இதற்குச் சென்னைக் கடற்கரையில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டுத் திரும்புகின்றன. அவற்றைக் காக்கும் பணியை 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு செய்து வருகிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடந்து, ஆமையின் தடம் கண்டு, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கரையோர விளக்கொளியில் குஞ்சு திசைமாறிச் சாலைப் பக்கம் போய்விடும் என்பதை அங்கே கண்ணால் கண்டு அறிகிறார்கள். இறந்து ஒதுங்கும் ஆமைகளையும் கணக்கெடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் அப்படி நூற்றுக்கணக்கானவை ஒதுங்கின. ஒரு பருவத்தில் பின்னால் நடந்து வந்த மாணவர் அடுத்தடுத்த பருவங்களில் முன்னால் நின்று புதியவர்களை அழைத்துச் செல்கிறார். பொறுப்பு இவ்வாறு கைமாறி வருவதால்தான் அப்பணி முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

அந்த நடையை நெடுங்காலம் வழிநடத்திய வி. அருண், திருவண்ணாமலை அருகே 2009இல் தொடங்கப்பட்ட மருதம் பண்ணைப் பள்ளியை உருவாக்கியவர்களுள் ஒருவர். கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர்ப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். காடும் வயலும் அவர்களுக்கு வகுப்பறைகள்.

அடுத்து, எவரையும் விட்டுவிடாதிருத்தல். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென நிரந்தரப் பாதை திறக்கப்பட்டபோது, சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையருகே சென்றனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். அவர்களைக் கடலிலிருந்து விலக்கி வைத்திருந்தது அவர்களின் உடற்குறை அன்று, பாதை இல்லாத குறையே என்பது அன்று விளங்கியது.

நம் பிள்ளைகளுக்கும் இவ்வாறே பாதை அமைப்போம். பார்வையற்ற பிள்ளை பறவையைக் குரலாலும் மரத்தைப் பட்டையின் சொரசொரப்பாலும் அறியட்டும். காது கேளாத பிள்ளைக்காக எல்லோரும் சில கைச்சைகைகளைப் பழகிக்கொள்வோம். சக்கர நாற்காலி செல்லும் வழியையே குழு முழுவதற்கும் வழியாகத் தேர்ந்தெடுப்போம். கூச்சலுக்கு மிரளும் பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, அமைதியான ஓரிடமும் ஒதுக்குவோம். இவர்களுக்கெனத் தனி நாள் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நாள் போதும். பெண் பிள்ளைகளை விட்டுவிடலாகாது. பக்கத்துத் தெருவின் பிற சமயத்துப் பிள்ளைகளையும் அழைப்போம்.

இதற்கென நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாகறல் செய்யாற்றங்கரை ஊர். இதே ஆறு கிழக்கே சென்று திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. கோடையில் உலர்ந்த மணலில் பறவைத் தடம் பார்க்கலாம். ஏரிக்கரையில் பனை விதை ஊன்றலாம். கிட்டிப்புள்ளும் பம்பரமும் பல்லாங்குழியும் பெரியவர்களிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தர அழைத்தால் போதும். பறவைகள் வரும் காலத்தில் ஒருமுறை வேடந்தாங்கல் போய்வரலாம். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களின் வயலுக்கு உரமாகிறது.

கண்டிப்பும் வேண்டும். ஆற்றில் நீர் ஓடும் நாளில் கரையோடு நின்றுவிட வேண்டும். மணல் அள்ளிய குழிகள் மழைக்குப் பின் ஆழம் தெரியாமல் நிரம்பிக் கிடக்கும். அவ்விடத்திற்குச் செல்லவே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனித்திருக்க நேரக்கூடாது. பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் செல்ல வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், முதலுதவிப் பெட்டி, போகும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணிக்கை ஆகியவற்றில் சலுகை கூடாது.

ஜமாஅத்தார்களே! இதற்குப் பெருநிதி தேவையில்லை. தெருவுக்கு இருவராகப் பதினெட்டு வயது நிறைந்த இளைஞர்களும் இளம்பெண்களும் முன்வந்து, மாதம் இரண்டு ஞாயிறு காலைப் பொழுதுகளைத் தந்தால் போதும். தத்தம் பிள்ளைகளை அனுப்பிவைக்கப் பெற்றோர் மனம் வைக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நிர்வாகக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். முதல் அழைப்பு அந்த வீட்டுக்கே செல்லட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் இப்பணிக்கும் ஒரு பக்கம் இடம்பெறும், இன்ஷா அல்லாஹ்.