விழித்திருக்கும் இரவு



குழந்தைக்கு வலிப்புக் கண்டால் நம்மவர் இரும்புச் சாவியைக் கையிற் கொடுத்து, அயலார் அறியாவண்ணம் மறைப்பர். அது பேயின் செயலன்று. மூளையின் மின்னோட்டத்தில் நேரும் பிறழ்வு. அதனைக் காட்டுவது மூளை மின்னலைப் பதிவு. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனிதரிடம் முதன்முதல் எடுத்து, 1929-இல் வெளியிட்ட முறை இது. தலையில் ஒட்டும் கம்பிகள் மின்சாரத்தைச் செலுத்துவன அல்ல, நோவும் இல்லை.

துயில் குறைந்த மூளையில் பிறழ்வு எளிதில் வெளிப்படும். ஆதலின் முன்னிரவு குழந்தையை விழித்திருக்கச் செய்யுமாறு மருத்துவர் பணிப்பதுண்டு. தலைக்கு நீராட்டி எண்ணெய் தடவாது விடுக. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தற்க. புதுக்கோட்டையினின்று தஞ்சைக்கோ திருச்சிக்கோ பேருந்திற் செல்லுங்கால் குழந்தை கண்ணயர்ந்தால், இரவெல்லாம் பட்ட பாடு வீணாகலாம். துயிலின்மையே வலிப்பைத் தூண்டவுங்கூடும்; ஆதலின் குழந்தையைத் தனியே விடலாகாது.

இத்துணையும் தாய் ஒருத்தியால் ஆகுமோ? யாம் வேண்டுவது ஒன்றே. பாட்டி கதை சொல்லுக. சிற்றப்பன் விளையாட்டுக் காட்டுக. மாமன் வழித்துணை செல்லுக. இழவு வீட்டில் விடியுமளவும் விழித்திருக்கும் நாம், வாழவேண்டிய குழந்தைக்காக முறைவைத்து ஓரிரவு விழித்திருத்தல் அரிதோ?