பாடசாலை வாசலில் நின்ற தாதி

(நூற்றாண்டையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் நான் சொல்ல வந்தது கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைச் சோதித்த கதை.

சில வருடங்களுக்கு முன், வீட்டில் படுக்கையாக இருக்கும் முதியவர்களைத் தாதியர் தேடிச்சென்று பார்க்கும் சேவையொன்றில் பங்குகொண்டேன். எந்தத் தாதி எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் காட்ட ஒரு செயலி தேவைப்பட்டது. அதை எழுதித் தந்தவர் எமது பாடசாலையில் எனக்குப் பின் படித்த ஒரு தங்கை.

அவர் இருந்தது கொழும்பில். செயலி ஓடவேண்டியது யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில். இதற்காகவே ‘மொக் லொக்கேஷன்’ என்ற வசதி இருக்கிறது. தமிழில் போலி இருப்பிடம் எனலாம். தொலைபேசி எங்கிருந்தாலும், ‘நீ இங்கே நிற்கிறாய்’ என்று ஒரு சோதனைச் செயலி அதை நம்பவைத்துவிடும். தங்கை தெரிவுசெய்த இடம் எமது பாடசாலை வாசல்.

நம்பவைப்பது இலேசாக இருக்கவில்லை. முதலில் வரைபடம் அமெரிக்காவின் மவுண்டன் வியூவைக் காட்டியது. கணினித் திரையில் ஓடும் பாவனைத் தொலைபேசி, நாம் வேறிடம் சொல்லாவிட்டால், கூகுள் தலைமையகத்தில்தான் நிற்குமாம். அடுத்ததாக ஆர்க்டிக் கடலுக்குப் போனோம். யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 9.66 பாகை வடக்கு, 80.02 பாகை கிழக்கு. புவியியல் வகுப்பில் படித்தபடி அகலக்கோட்டை முதலில் கொடுத்தோம். அங்கே பாவிக்கும் ‘ஜியோ ஃபிக்ஸ்’ கட்டளை நெடுங்கோட்டைத்தான் முதலில் கேட்கும். இலக்கங்கள் இடம் மாறியதும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கடலில் நின்றோம்!

உண்மையான தொலைபேசிக்கு மாறியபோது வேறு தொல்லைகள் வந்தன. அன்ட்ரொயிட் 6 முதல், போலி இருப்பிடம் தரும் செயலி எது என்று டெவலப்பர் அமைப்புகளில் தெரிவுசெய்யவேண்டும். இல்லையேல் அனுமதி கிடைக்காது. இரண்டு கோடுகளும் மட்டும் போதாது. நேரத்தையும் துல்லிய அளவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அதையும் சரிசெய்தோம். அப்போதும் செயலி பழைய இடத்தையே காட்டியது. நாங்கள் ஜீ.பி.எஸ். வழியாகப் போலியை ஊட்ட, செயலியோ கூகுளின் ஒருங்கிணைந்த இருப்பிடச் சேவையைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிணற்றில் ஊற்றிவிட்டு மற்றக் கிணற்றில் அள்ளிய கதைதான்.

கடைசியில் பாடசாலை வாசல் தெரிந்தது. கைதட்டினோம். அந்தச் சந்தோசத்தில்தான் பிழைவிட்டோம்.

சோதனைக்குப் பாவித்த அதே தொலைபேசி ஒரு தாதியின் கைக்குப் போனது. போலி இருப்பிடத்தை ஒருவரும் நிறுத்தவில்லை. ஒருநாள் மாலை, இன்சுலின் போடும் ஒரு ஐயாவுக்குச் சீனி இறங்கி வியர்த்துக்கொட்டுகிறது என்று மகள் அழைத்தார். சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். தாதி பாடசாலை வாசலில் நின்றார். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் வீடு. “பயப்படாதீர்கள், பக்கத்தில்தான் நிற்கிறார்” என்று சொல்லிச் செயலி வழியாகத் தாதிக்குச் செய்தி அனுப்பினேன்.

அவர் உண்மையில் சாவகச்சேரியில் நின்றார். இருபது நிமிடத்தின் பின் மகள் அழுதுகொண்டு மீண்டும் அழைத்தபோதுதான் 1990 நோயாளர் காவு வண்டியைக் கூப்பிட்டோம். ஐயா பிழைத்தார். முதல் அழைப்பிலேயே நான் அதைக் கூப்பிட்டிருக்கவேண்டும். படத்தை நம்பினேன்.

தங்கையும் நானும் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தோம். ஒவ்வொரு இருப்பிடத் தகவலோடும் ‘இது போலி’ என்ற அடையாளத்தை அன்ட்ரொயிட் தருகிறது. எமது செயலி அதைப் பார்க்கவேயில்லை. இப்போது பார்க்கிறது, போலியென்றால் சிவப்பில் எச்சரிக்கிறது. தகவல் எத்தனை நிமிடம் பழையது என்றும் காட்டுகிறது. சோதனைத் தொலைபேசி தனியாக, பெயரொட்டி மேசை லாச்சியில் இருக்கிறது. முக்கியமாக, தங்கை யாழ்ப்பாணம் வந்து ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். அடர்ந்த மாமரத்தின் கீழும் கொங்கிறீற் வீட்டினுள்ளும் உண்மையான ஜீ.பி.எஸ். தடுமாறுவதை அப்போதுதான் கண்டார். போலி இருப்பிடம் தடுமாறாது. நாம் எழுதிய துல்லியத்தையே திருப்பித் தரும்.

எங்கள் பரீட்சைகளில் நோயாளியாக நடிப்பவர்கள் இருப்பார்கள். சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொல்வார்கள். வார்ட்டில் இருப்பவரோ பாதியை மறந்துவிடுவார், மீதியை மறைத்துவிடுவார். முதலாமவரிடம் பழகத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது.

கணினித்துறையில் இருக்கும் எமது தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். சோதனை சரிவந்ததும் எழுந்துவிடாதீர்கள். அந்த முடிவை நம்பி எந்த வீட்டில் யார் காத்திருப்பார் என்று ஒருமுறை நினையுங்கள்.

உலகத்தில் எத்தனையோ இடமிருக்க, ஏன் பாடசாலை வாசலைக் கொடுத்தாய் என்று தங்கையிடம் கேட்டேன். “அக்கா, கண்ணை மூடினாலும் பிழைக்காமல் சொல்லக்கூடிய இடம் எனக்கு அது ஒன்றுதான்” என்றார். அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை.