நமது கழிவுநீர் யாருடைய கிணற்றைச் சென்றடைகின்றது?

 

தொழுகைக்கு முன் வுழூச் செய்கின்றோம். உடலையும் உடையையும் தூய்மையாக வைத்திருக்கின்றோம். ஆனால் நாம் பயன்படுத்திய நீர் வீட்டை விட்டு வெளியேறிய பின்னர் எங்கே செல்கின்றது என்று சிந்தித்திருக்கின்றோமா?

கற்பிட்டிக் குடாநாட்டையும் கிழக்குக் கரையோரக் கிராமங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலம் மணற்பாங்கானது. நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. ஒரு வளவின் மலசலகூடக் குழியிலிருந்து கசிவது அடுத்த வளவின் கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. வேலி மனிதருக்குத்தான், நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது.

இதற்குப் பரிகாரம் என்ன? அடியில் கசியாத கொங்கிறீட் தொட்டி ஒன்று முதலில் வேண்டும். அதில் கனமான கழிவு அடியில் படியும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கழிவின் ஒரு பகுதியைச் சிதைக்கும். இடையிலுள்ள நீர் மட்டுமே உறிஞ்சு குழிக்குச் செல்லும். அந்த நீரும் சுத்தமானதன்று. அதில் நோய்க்கிருமிகள் இருக்கும். ஆகவே உறிஞ்சு குழியின் அடிப்பகுதி, மாரி காலத்து நீர்மட்டத்துக்கும் மேலே இருத்தல் அவசியம். படிந்த சேற்றைச் சில வருடங்களுக்கு ஒரு முறை பிரதேச சபையின் பவுசர் மூலம் அகற்றாவிட்டால், தொட்டி இருந்தும் பயனில்லை.

தாய்மார்களே! கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்று கொதித்தாலும் நீங்காது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அது மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை விதி. அயலவரின் கிணற்றை அசுத்தமாக்கும் குழி இவ்விதிக்கு உட்படாதா?

கழிவுநீரை முறையாகச் சுத்திகரிப்பதை மார்க்க அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் அசுத்தத்தின் அடையாளம் எதுவும் எஞ்சாதவாறு முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட நீரை வுழூவுக்கும் பயன்படுத்தலாம் எனச் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வீட்டுத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் அத்தரத்தை ஒருபோதும் அடையாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இளைஞர்களே! உங்கள் வளவில் கிணறு எங்கே, குழி எங்கே என்று இன்றே பாருங்கள். புதிய வீடு கட்டுவோர் குழி தோண்டு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறட்டும். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பள்ளிவாசலின் வுழூ நீரை மலசலகூட நீரோடு கலக்காமல் தனிக் குழாயில் வாழை, தென்னை மரங்களுக்குத் திருப்பிவிட ஜமாஅத்தாருடன் கலந்தாலோசியுங்கள்.

வீட்டின் உள்ளே பேணும் தூய்மையை வேலிக்கு அப்பாலும் பேணுவோமாக. அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.