பொறியைச் சிறையிடும் மோட்டார்

வன்னி பெருநிலப்பரப்பிலே பரந்தன் என்றதும் பலருக்கு அங்கிருந்த இரசாயனத் தொழிற்சாலையே நினைவுக்கு வரும். 1950களில் அரசினால் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்த உவர்நீரில் மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்தது. 1980களில் போரினால் அதன் இயக்கம் நின்றது. அதனை மீண்டும் எழுப்புவது பற்றிப் போருக்குப் பின்னர் பலமுறை பேசப்பட்டுள்ளது.

உவர்நீரை மின்னாற் பகுக்கும்போது ஐதரசன் வாயுவும் பிறக்கின்றது. நிறமும் மணமுமற்ற இவ்வாயு, காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்திருப்பின் வெடிக்க வல்லது. மிகச் சிறு பொறியே அதற்குப் போதும். ஆயினும் இத்தகைய ஆலையிலே பம்பிகளை ஓட்ட மின்மோட்டார்கள் இன்றியமையாதன. இவ்விக்கட்டுக்கு வழி யாது?

வழி நிலக்கரிச் சுரங்கங்களிலே பிறந்தது. 1815இல் ஹம்பிரி டேவி, விளக்கின் சுடரைக் கம்பிவலையால் சூழ்ந்தார். வலையைக் கடக்கும் சுவாலை வெப்பத்தை இழந்து அணைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் கார்ல் பைலிங் என்பவர், மின்கருவிகளைக் காக்கும் கூடுகளைப் பரிசோதனை செய்து ஆராய்ந்தார். இவ்வகைக் கூடு வாயுவை உள்ளே புகவிடாமல் தடுப்பதன்று. உள்ளே வெடிப்பு நேர்ந்தாலும் கூடு பிளவாது. மூடி பொருந்தும் ஒடுங்கிய இடைவெளி வழியே வெளியேறும் வெம்மை தணிந்துவிடும். புறத்தேயுள்ள வாயு பற்றாது.

இதை நம்பிக்கைக்கு விட்டுவிடலாகாது. ஆகவே ஆய்வுகூடத்திலே கூட்டினுள்ளும் புறத்தும் வெடிக்கும் கலவையை நிரப்பி, உள்ளே பொறியை எழுப்பிப் பார்க்கின்றனர். இந்தியாவில் தன்பாத் நகரிலுள்ள சுரங்க ஆராய்ச்சி நிலையம் இப்பணியைச் செய்கின்றது. மோட்டாரின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறும் என்பதையும் அளந்து வகுக்கின்றனர்.

சான்று எல்லா வாயுவுக்கும் பொதுவன்று. ஒரே வகையான சோதனையில் புரோப்பேன் சுவாலை ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் இடைவெளியில் அடங்கும். ஐதரசனுக்கோ 0.3 மில்லிமீற்றரிலும் குறைந்த இடைவெளி வேண்டும். புரோப்பேனுக்கு மட்டும் சான்று பெற்ற மோட்டார் ஐதரசன் உள்ள இடத்துக்கு ஆகாது.

தடையும் போரும் நிலவிய காலத்தில் வன்னி மக்கள் மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இல்லாததை இருப்பதைக் கொண்டு ஈடுசெய்யும் அத்திறமை போற்றத்தக்கது. ஆனால் சான்று பெற்ற மோட்டாரிலே அதற்கு இடமில்லை. ஓர் ஆணி குறைந்தாலும், பொருந்துமுகத்தை அரத்தால் உராய்ந்தாலும், கம்பி நுழைக்கக் கூட்டிலே புதுத் துளையிட்டாலும் அந்தக் காப்பு அழிந்துபோகும். மோட்டார் முன்போலவே ஓடும். பெயர்த்தகடும் முன்போலவே இருக்கும். அபாயமோ வெளியே தெரியாது.

ஆய்வுகூடம் சோதித்தது கூட்டின் மாதிரியை மட்டுமே. அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் அச்சான்றுக்கு உயிர் தருபவர், திறந்த மூடியைத் துடைத்து, உரிய ஆணிகள் யாவற்றையும் உரிய இறுக்கத்தில் பூட்டும் தொழிலாளியே. பரந்தனில் மீண்டும் ஆலை எழுமாயின், இயந்திரங்கள் வந்திறங்குமுன் இப்பயிற்சி பெற்ற கைகள் அங்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.