நீரேந்துப் பிரதேசத்தில் லயமும் இருக்கிறது



மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கையாகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அதுதான்.

துரைமார் இந்தக் காட்டை அழித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் இலைநோய் தலைகாட்டி, கோப்பி அழிய, தேயிலை வந்தது. உழைத்தது நம் முன்னோர். 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. சிவனொளிபாதமலைக் காடு 2010 முதல் உலக மரபுரிமை.

மதிப்பிட வருகிறவர்கள் மரத்தையும் மிருகத்தையும் எண்ணுகிறார்கள். லயத்தையும் எண்ணட்டும். எந்தப் பீலி எப்போது வற்றும், எந்த மலை மழைக்குச் சரியும் என்பது கொழுந்தெடுக்கும் நமக்குத் தெரியும், நம்மையும் கேட்கட்டும்.

ஊற்றுக்கருகே களைநாசினி அடிக்கக் கூடாது. ஓடைக்கரையில் மரம் நடவேண்டும். கொழும்புக்குத் தண்ணீர் அனுப்பும் மலையில் நம் பிள்ளைகள் கலங்கல் குடிக்கக் கூடாது. இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம்.