தேடினால் கிடைக்கணும்: ஒரு போட்டோகிராபரின் அனுபவம்
(கம்யூனிட்டி ஹால் ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

"கல்யாண போட்டோ எடுக்கறவர் வெப்சைட்டைப் பத்தி என்னப்பா பேசப் போறே?" என்று லிஃப்டில் ஒரு மாமி கேட்டார். சூடுபட்டுக் கற்றுக்கொண்டவன் என்பதால்தான் பேச வந்தேன்.

இரண்டு வருடம் முன்னால் என் வெப்சைட்டைப் புதுசாக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பக்கங்களின் முகவரி எல்லாம் மாறிவிட்டது. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு அனுப்பிவைக்க '301 ரீடைரக்ட்' என்று ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் விட்டேன். வீடு மாறிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்த மாதிரி. கூகுள் பழைய பக்கங்களைத் தேடி வந்து, காணோம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தை முகூர்த்தங்களுக்கு ஐப்பசியிலேயே விசாரிப்பார்கள். அந்த ஐப்பசியில் போனே அடிக்கவில்லை. கூட இருந்த இரண்டு பையன்களில் ஒருவனை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று.

பதற்றத்தில், 'முதல் இடம் கேரண்டி' என்ற ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினேன். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் செய்ததெல்லாம் 'மெட்டா கீவேர்ட்' பகுதியில் நூறு வார்த்தைகளைத் திணித்ததுதான். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது!

பிறகு நானே உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் நாற்பது படம், ஒவ்வொன்றும் 8 எம்பி. பெண்ணைப் பெற்றவர் மொபைலில் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நூறு கேபிக்குக் குறைத்தேன். படங்களின் பெயர் 'டிஎஸ்சி 0456' என்றே கிடந்தது. அதைப் படத்தில் இருப்பதைச் சொல்லும் பெயராக மாற்றினேன். 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதினேன். பார்வையில்லாதவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டுவதும் அதைத்தான், அதனால் கூகுளுக்காக மட்டும் எழுதக் கூடாது. மணமக்கள் பெயரை அனுமதி வாங்காமல் போடுவதில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அதையே கேளுங்கள்.

உண்மையில் கைகொடுத்தது எழுத்துதான். படம் மட்டும் அடுக்கிய கேலரியில் கூகுள் படிக்க வார்த்தையே கிடையாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பத்து வரி எழுதினேன்: எந்த மண்டபம், விடியற்கால முகூர்த்தத்தில் வெளிச்சம் எப்படி, ஹோமப் புகையில் என்ன செய்தேன். மண்டபத்தின் பெயரைப் போட்டுத் தேடியவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

'அருகில் போட்டோகிராபர்' என்ற தேடலில் தூரமும் கணக்கு. மேடவாக்கத்தில் இருந்துகொண்டு அண்ணா நகரில் முதலில் வர ஆசைப்பட்டது என் பேராசை. பிசினஸ் புரொஃபைலில் நம் பிளாக் நண்பர்கள் அஞ்சு ஸ்டார் போடுகிறோம் என்றீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் என்னிடம் படம் எடுக்காதவர்கள் போட்டால் அது விதிமீறல்.

ரீடைரக்ட் எல்லாம் சரிசெய்தும் பழைய அளவுக்கு விசாரிப்பு வர ஏழெட்டு மாதம் ஆனது. அந்தப் பையன் இப்போது வேறு இடத்தில் இருக்கிறான். பெரிய முகூர்த்தம் என்றால் மட்டும் வந்து போகிறான்.

டியூஷன், டிபன், தையல் என்று வெப்சைட் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலை லேப்டாப்போடு வாருங்கள். சர்ச் கன்சோல் இலவசம்தான், சேர்ந்தே திறந்து பார்க்கலாம்.